டிஎன்டி போட்டும் ஏன் போன் வருகிறது?

"டிஎன்டி எல்லாம் சும்மாங்க, போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் நிக்கல." யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். அதில் பாதி நியாயம் இருக்கிறது. டிஎன்டி (டூ நாட் டிஸ்டர்ப்), அதாவது விளம்பர அழைப்பு வேண்டாம் என்று நம் எண்ணைப் பதிந்து வைக்கும் ஏற்பாடு, ஒரு குறிப்பிட்ட வகை அழைப்பைத் தடுக்க வந்தது, அதைத் தடுக்கவும் செய்கிறது. நம்மைப் படுத்தியெடுக்கும் அழைப்புகளில் பெரும்பங்கு அந்த வகையைச் சேர்ந்தது இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வேண்டாத போன்கள் மூன்று ரகம். முறைப்படி பதிவு செய்துகொண்டு விளம்பரம் செய்யும் நிறுவனம் ஒன்று. பதிவே செய்யாமல் சாதாரண மொபைல் எண்ணிலிருந்து "சார், பர்சனல் லோன் வேணுமா, தாம்பரம் பக்கம் மனை இருக்கு" என்று கூப்பிடுபவர் இரண்டாவது. உங்கள் கணக்கைக் காலி செய்யவே கூப்பிடும் திருடன் மூன்றாவது. முதல் ரகத்தை டிஎன்டி நிறுத்தும். இரண்டாவதைப் புகார்தான் நிறுத்தும். மூன்றாவதை எந்தப் பட்டியலும் நிறுத்தாது. போனை எடுப்பவரின் பழக்கம்தான் காப்பாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துவிட்டு மருந்து சரியில்லை என்பதுதான் இங்கே நடக்கிறது.

எனவே முதல் வேலை, எண்ணைப் பார்ப்பது. 140 என்று தொடங்கினால் பதிவு பெற்ற விளம்பர அழைப்பு. 1600 என்று தொடங்கினால் வங்கி, காப்பீடு, அரசுத் துறை போன்றவை சேவை சம்பந்தமாகப் பேசுவது. உங்கள் கார்டில் நடந்த செலவு நீங்கள் செய்ததுதானா என்று கேட்பது மாதிரியான அழைப்புகள் இதில் வரும். வங்கிகள் 2026 ஜனவரி 1-க்குள் 1600-க்கு மாறிவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கெடு வைத்தது. ஆகவே 9, 8, 7, 6-ல் தொடங்கும் பத்து இலக்க எண்ணிலிருந்து "பேங்க்லேருந்து பேசுறோம்" என்று யாராவது சொன்னால், கமிஷனுக்கு விற்கும் ஏஜென்டாக இருக்கலாம், திருடனாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை. 1600-லிருந்தே வந்தாலும் ஓடிபி, பின் எதையும் சொல்லக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

எஸ்எம்எஸ்ஸுக்கும் இதே மாதிரி அடையாளம் வந்துவிட்டது. அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடு, அதற்குப் பிறகு ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. வங்கி அனுப்பியதாகச் சொல்லும் செய்தி வெறும் மொபைல் எண்ணிலிருந்து வந்திருந்தால் படித்து முடிக்கும் முன்பே அழித்துவிடலாம்.

டிஎன்டி போடுவது இப்படி. ஆங்கில எழுத்தில் 'ஸ்டார்ட்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பூஜ்யம் போட்டு 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எல்லா விளம்பரமும் வேண்டாம் என்று பதிவாகும். 1909-க்குப் போன் செய்தும் பதியலாம், காசு கிடையாது. உங்கள் சிம் நிறுவனத்தின் செயலியிலும் டிராயின் டிஎன்டி செயலியிலும் அதற்கென்று இடம் இருக்கிறது. வங்கி மற்றும் காப்பீடு, மனை, கல்வி, மருத்துவம், நுகர்பொருள் மற்றும் வாகனம், தொலைத்தொடர்பு மற்றும் பொழுதுபோக்கு, சுற்றுலா, உணவு என்று எட்டுப் பிரிவுகள் உண்டு. வேண்டியதை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. என்னைக் கேட்டால் பூஜ்யமே போதும். விளம்பரத்தைத் தவறவிட்டு நஷ்டப்பட்டவரை நான் பார்த்ததில்லை. முழுத் தடை போட்டால் வங்கி ஓடிபி வராமல் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. பரிவர்த்தனைச் செய்திகளை இது தொடுவதில்லை.

இரண்டு சிம் உள்ள போன் என்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பதிந்த அன்றே அமைதி வந்துவிடாது, ஒரு வாரம் விட்டுப் பிடியுங்கள். வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிக்கொண்டிருந்தால் பதிவு இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

டிஎன்டியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நீங்களே சம்மதம் கொடுத்த நிறுவனம் டிஎன்டியைத் தாண்டிக் கூப்பிடலாம். எப்போது கொடுத்தோம் என்று யோசித்தால் ஞாபகம் வராது. கடன் தகுதி பார்க்கும் இணையதளத்தில் தட்டிய டிக், கண்காட்சியில் பரிசுக் கூப்பனில் எழுதிப் போட்ட எண், நகைச்சீட்டுப் படிவத்தின் கடைசிப் பத்தி, இப்படி எங்காவது இருக்கும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்ற பிறகு 90 நாளைக்கு அதே நிறுவனம் மறுபடி சம்மதம் கேட்டு வரக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் டிராய் திருத்திய விதி சொல்கிறது. துணிக்கடையில் பில் போடும்போது "போன் நம்பர் சொல்லுங்க" என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. "நம்பர் வேண்டாங்க, பில் மட்டும் கொடுங்க" என்றால் கொடுப்பார்கள். முறைப்பார்கள், ஆனாலும் கொடுப்பார்கள்.

இனி இரண்டாவது ரகம். பதிவில்லாத எண்ணிலிருந்து வரும் விற்பனை அழைப்பு வந்தவுடன் நம் கை நேராக பிளாக் பொத்தானுக்குப் போகிறது. பிளாக் செய்தால் அந்த எண் உங்கள் போனில் மட்டும் நிற்கும். அதே ஆள் அதே சிம்மில் அடுத்த வீட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார், உங்களுக்கு நாளை வேறு எண்ணிலிருந்து வரும். முதலில் புகார், பிறகு பிளாக். புகார் எஸ்எம்எஸ்ஸில் மூன்று விஷயம் வேண்டும்: என்ன பேசினார்கள் என்ற ஒரு வரி, கமா, வந்த எண், கமா, நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில் தேதி. இதை 1909-க்கு அனுப்ப வேண்டும். டிஎன்டி செயலியில் அழைப்புப் பட்டியலிலிருந்தே எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் இலக்கம் தவறாது.

புகார் தள்ளுபடியாவதற்கான காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. அழைப்பு வந்து ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும் (முன்பு மூன்றே நாள்தான்). எந்த சிம்முக்கு அழைப்பு வந்ததோ அந்த சிம்மிலிருந்தே அனுப்ப வேண்டும். "தொந்தரவு கால்" என்று மட்டும் எழுதினால் போதாது, "வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டார்கள்" என்று எழுத வேண்டும். பதிவில்லாத எண்மீது புகார் செய்ய நீங்கள் டிஎன்டியில் இருக்க வேண்டிய கட்டாயமும் 2025 திருத்தத்தில் போய்விட்டது.

ஒரு எண்மீது பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தால் நடவடிக்கை தொடங்க வேண்டும். முன்பு ஏழு நாளில் பத்து புகார் வேண்டியிருந்தது. முதல் முறை பிடிபட்டால் 15 நாள் அவர்களின் வெளிச்செல்லும் அழைப்புகள் முடக்கம். மறுபடி செய்தால் அவர்கள் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிப்பு, கூடவே கறுப்புப் பட்டியல். ஆகவே ஒரே குடியிருப்பில் ஒரே மனை வியாபாரி வரிசையாகக் கூப்பிடுகிறார் என்றால், வாட்ஸ்அப் குழுவில் திட்டித் தீர்ப்பதை விட ஐந்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு எஸ்எம்எஸ் போடுவது வேலை செய்யும்.

போனை எடுத்து "ஹலோ, ஹலோ" என்றால் எதிர்முனையில் ஒன்றுமே இல்லாமல் துண்டிக்கப்படுகிறதே, அது பேயும் இல்லை, நெட்வொர்க் கோளாறும் இல்லை. கால் சென்டர் மென்பொருள் தன்னிடம் இருக்கும் ஆட்களைவிட அதிகமான எண்களுக்கு ஒரே நேரத்தில் அடிக்கிறது. முதலில் எடுத்தவருக்கு ஆள் கிடைத்துவிடும், மற்றவர்களுக்கு மௌனம்தான். ஆனால் இந்த எண்ணை, இந்த நேரத்தில், ஒருவர் எடுக்கிறார் என்ற தகவல் அங்கே பதிவாகிவிடும். திரும்பக் கூப்பிட்டு யார் என்று விசாரிப்பது அதை இன்னும் உறுதி செய்யும். "எங்கள் பட்டியலிலிருந்து நீக்க 2-ஐ அழுத்தவும்" என்ற பதிவுக் குரலுக்கும் இதே கதைதான். எதையும் அழுத்தாமல் வைத்துவிடுங்கள். வெளிநாட்டுக் குறியீட்டோடு ஒரே ஒரு மணி அடித்து நின்றுபோகும் மிஸ்டு காலுக்குத் திரும்ப அடித்தால் சர்வதேசக் கட்டணம் ஏறும், அதற்காகவே வரும் அழைப்பு அது.

லேண்ட்லைன் இன்னும் இருக்கும் வீடுகளில், அதிலும் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில், எண் காட்டும் திரையுள்ள போனை மாட்டுவதே முதல் செலவாக இருக்கட்டும். திரை இல்லாத போனில் 140-ம் தெரியாது, 1600-ம் தெரியாது. லேண்ட்லைனுக்கும் டிஎன்டி உண்டு. அந்த போனிலிருந்தே 1909-க்கு அடித்துப் பதிய வேண்டும். லேண்ட்லைனில் ஒரு நன்மையும் இருக்கிறது. அதில் ஓடிபி எஸ்எம்எஸ் வராது, செயலி ஏற்ற முடியாது, வீடியோ கால் கிடையாது. அதனால் திருடன் சீக்கிரமே "உங்க வாட்ஸ்அப் நம்பர் சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிடுவான். அந்தக் கேள்வி வந்ததும் வைத்துவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

மொபைலில், தெரியாத எண்களை ஒலிக்காமல் விடும் அமைப்பு ஐபோனில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் போன் செயலியின் ஸ்பேம் வடிகட்டியை இயக்கலாம். வாட்ஸ்அப்பில் அமைப்புகள், தனியுரிமை, அழைப்புகள் என்று போனால் தெரியாதவர்களை அமைதிப்படுத்தும் பொத்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இருப்பதை எல்லோரும் யோசிக்காமல் போட்டுவிடலாம். சாதாரண அழைப்புக்குப் போடும்போது யோசியுங்கள். சிலிண்டர் கொண்டு வருபவர், கூரியர்காரர், பள்ளி வேன் ஓட்டுநர், ஆஸ்பத்திரி எல்லோரும் தெரியாத எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார்கள். ட்ரூகாலர் மாதிரி செயலிகள் காட்டும் பெயர் பெரும்பாலும் பிறர் வைத்த பெயர். "கஸ்டமர் கேர்" என்று காட்டினால் அது கஸ்டமர் கேர் ஆகிவிடாது.

இப்போது திருடனிடம் வருவோம். இவர்களின் தந்திரங்கள் நூறு என்பார்கள், உள்ளே இருப்பது இரண்டு மூன்று எந்திரம்தான்.

முதல் எந்திரத்துக்குக் கரண்ட் பில் மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். "போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்" என்று பிழை மலிந்த ஆங்கிலத்தில் ஒரு செய்தி, கூடவே ஒரு மொபைல் எண். தமிழ்நாட்டு வீட்டுக்கு இது வந்தால் முதல் வரியிலேயே பொய் தெரிய வேண்டும். இங்கே வீட்டு மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. "போன மாத பில்" என்று எழுதியவனுக்கு ரீடிங் எப்போது எடுப்பார்கள் என்பதே தெரியவில்லை. உங்கள் மின் இணைப்பு எண்ணும் அதில் இருக்காது. இரவு 9.30 என்ற நேரத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அதற்குள் ஈபி ஆபீஸ் மூடியிருக்கும், நேரில் போய் விசாரிக்க முடியாது.

பயந்து அந்த எண்ணுக்கு அடித்தால் "பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க, அப்டேட் ஆயிடும்" என்பான். பத்து ரூபாய்க்கு யார் சந்தேகப்படுவார்கள்? அதைக் கட்டுவதற்கென்று எனிடெஸ்க், குயிக்சப்போர்ட் மாதிரி ஒரு செயலியை ஏற்றச் சொல்வான், அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பை (தட்டினால் செயலியாக ஏறிக்கொள்ளும் ஆண்ட்ராய்டு கோப்பு) அனுப்புவான். எனிடெஸ்க்கும் குயிக்சப்போர்ட்டும் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும் ஒழுங்கான செயலிகள்தான். ஆனால் செயலி காட்டும் எண்ணைச் சொல்லி அனுமதி கொடுத்த நொடியிலிருந்து உங்கள் திரை அவன் திரை. நீங்கள் பத்து ரூபாய் கட்டத் தட்டும் கார்டு எண், வரும் ஓடிபி எல்லாம் அவன் கண்ணெதிரே. ஏபிகே இன்னும் மோசம். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஓடிபியை உங்களுக்குத் தெரியாமலே அனுப்பிவிடும். போக்குவரத்து அபராத ரசீது, கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி என்ற பெயர்களில் வருவதும் இதே சரக்கு. அந்த மாதிரி எதையாவது ஏற்றிவிட்டால் முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள், பிறகு வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அடியுங்கள். பில் பாக்கி உண்மையா என்று பார்க்க மின்வாரியத்தின் சொந்தச் செயலியோ இணையதளமோ போதும், போனில் கேட்க வேண்டுமென்றால் வாரியத்தின் சேவை மையமான மின்னகம் 94987 94987.

இரண்டாவது எந்திரம் கால் ஃபார்வர்டிங். கூரியர்காரன் என்று பேசுபவன் "டெலிவரி பையன் நம்பரைப் பிடிக்க இதை டயல் பண்ணுங்க" என்று நட்சத்திரக் குறியில் தொடங்கி, 21 அல்லது 401, அதன் பிறகு ஒரு பத்து இலக்க எண் என்று சொல்வான். டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். போன் கையில் இருக்கும், சிக்னல் இருக்கும், ஆனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவன் வேறொரு போனில் உங்கள் எண்ணில் வாட்ஸ்அப்பைத் தொடங்கி, "குறியீட்டு எண்ணை அழைப்பில் சொல்" என்ற வழியைத் தேர்ந்தெடுப்பான். அந்த அழைப்பு அவனுக்கே போகும். அடுத்த அரை மணியில் உங்கள் மச்சானுக்கும் சித்திக்கும் "அவசரம், 20,000 அனுப்பு" என்று உங்கள் பெயரில் செய்தி போய்விடும். 2024 ஏப்ரல் 15 முதல் *401# வழியை நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. 21 வகைக் குறியீடுகள் பல போன்களில் இன்னும் வேலை செய்கின்றன.

சரிபார்க்க *#21# அடியுங்கள். எந்த எண்ணும் காட்டாமல் ஃபார்வர்டிங் இல்லை என்று வந்தால் நிம்மதி. *#62# அடித்தால் தெரியாத எண் ஒன்று வரலாம். அது பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் மிஸ்டு கால் தகவல் எண், பார்த்ததும் பதற வேண்டாம். சந்தேகம் தீரவில்லை என்றால் ##002# எல்லா ஃபார்வர்டிங்கையும் ஒரேயடியாக நீக்கும். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க பின் வைத்துவிட்டால், குறியீட்டு எண் அவன் கையில் கிடைத்தாலும் உள்ளே நுழைய முடியாது. இந்த ஒரு வேலையை இன்றைக்கே வீட்டில் உள்ள எல்லா போன்களிலும் செய்யலாம், இரண்டு நிமிடம்தான்.

மூன்றாவது, பயமுறுத்தல். "டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் முடக்கப்படும், 9-ஐ அழுத்தவும்" என்று தொடங்கி, பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் பண மோசடி வழக்கு என்று போய், காக்கி உடுப்பில் ஒருவன் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்பான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 வானொலி உரையில் இதைச் சொன்னார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளை சிபிஐயிடம் ஒப்படைத்தது. இதில் மாட்டுபவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஓய்வுபெற்ற அதிகாரிகளும் டாக்டர்களும் மாட்டியிருக்கிறார்கள். பயம் ஏறிய பிறகு படிப்பு உதவாது. அவன் முதலில் போடும் நிபந்தனையைக் கவனியுங்கள்: "யாரிடமும் சொல்லக் கூடாது, போனை வைக்கக் கூடாது." அந்த நிபந்தனையை மீறுவதுதான் முழு மருந்தும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சத்தமாக ஒருமுறை சொன்னால் போதும், கதை கலைந்துவிடும். குடும்பத்தில் ஒருவர் குரலில் "ஆக்ஸிடென்ட் ஆயிடுச்சு, பணம் அனுப்பு" என்று வந்தாலும் வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

பணம் போகவில்லை, முயற்சி மட்டும் நடந்தது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் பதியலாம். அழைப்பு வந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் இருந்தால் "என் எண் இல்லை" என்று குறித்துவிடுங்கள்.

பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். திருடிய பணம் முதல் கணக்கில் தங்காது, வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியே ஒன்றன்பின் ஒன்றாகத் தாவும். 1930-ல் புகார் பதிவானதும் அது அந்தந்த வங்கிக்குப் போய், பணம் எங்கே நிற்கிறதோ அங்கே பிடித்து வைக்கச் சொல்லும். ஒவ்வொரு தாவலுக்கும் நேரம் கரைகிறது. அழைக்கும் முன் கணக்கு எண், தொகை, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதியுங்கள். போனில் சொன்னவர்களும் அதே தளத்தில் முழுப் புகாரை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கூடவே வங்கிக்கும் தெரிவியுங்கள், கார்டின் பின்புறம் அச்சடித்த எண்ணில். கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களிலும் திருடர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தாலும் வெட்கப்பட்டுத் தாமதிக்க வேண்டாம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, இப்படி உங்கள் கவனக்குறைவால் நடந்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் தலையில், தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில்.

பணம் இழந்த சில நாளில் இன்னொரு அழைப்பு வரும், அதையும் எதிர்பார்த்திருங்கள். "சைபர் கிரைம்லேருந்து பேசுறோம், உங்க பணம் கிடைச்சிடுச்சு, ரிலீஸ் பண்ண ப்ராசஸிங் சார்ஜ் கட்டணும்" என்பான். ஏமாந்தவர்களின் எண்கள் தனிப் பட்டியலாகக் கைமாறுகின்றன. பிடித்து வைத்த பணத்தை விடுவிக்க 1930-ம் போலீஸும் கட்டணம் வாங்குவதில்லை. புகார் எண்ணை வைத்து உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.